முத்துப் பாரும் கஜானாப் பள்ளமும்

2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய நாள் முதல், ‘பற்றாக்குறை’ என்ற சொல் கடைத் திண்ணையிலும் அடிபடலாயிற்று. சனங்கள் வரவுக்கு மீறித் தின்றார்கள் என்று பழி சுமத்துவோரும் உளர். ஆனால் இந்தப் பள்ளம் பழையது. அதன் ஆரம்ப அத்தியாயம் ஒன்று மன்னார்க் கடலில் எழுதப்பட்டது.

மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கரையில், அலை அரித்துத் தின்ற ஒரு மாளிகையின் சுவர்கள் உண்டு. தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது அது. நாட்டை ஆள்பவன் இந்த வெயிற் கரையில் வந்து குந்தியிருப்பானேன்?

1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரங்களைப் பறித்த கும்பினியாருக்குக் கடல் வாரிக் கொடுத்தது. அரிப்புப் பாரைக் குத்தகைக்கு விட்டதில் 1797இல் 1,23,982 பவுணும், 1798இல் 1,42,780 பவுணும் கிடைத்தன. சிப்பி முதிர வருடங்கள் வேண்டும். கஜானாவுக்கோ அந்தப் பொறுமை இல்லை. அடுத்தடுத்து அள்ளியபின் பார் வறண்டது. (பேராசையே முழுக் காரணம் என்று நான் சாதிக்கவில்லை, மணலும் நீரோட்டமும் சிப்பியைத் தின்னும் மீன்களும் பாரை அழிக்கும் என்று பிற்காலத்து அறிஞர் காட்டினர்.) வரவு வற்றினும் செலவு வற்றவில்லை. படைக்கும் உத்தியோகத்தருக்கும் சம்பளம் மாதந்தோறும் வேண்டியிருந்தது. 1803இல் கண்டிமேல் தொடுத்த போர் படுதோல்வியில் முடிந்தது, அதற்கும் பணம்.

பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? தென்னைக்கு வரி விதித்த ஆட்சி 1797இல் கிளர்ச்சியைக் கண்டது. நகை அணிவதற்கும் வரி வந்தது. அதுவும் போதாமல் அரசாங்கம் தாள்நாணயத்தை அச்சிட்டு வெளியிட்டது. தாள் பெருகப் பெருக, நம் முன்னோர் ‘இறைசால்’ என்றழைத்த றிக்ஸ்டாலரின் மதிப்பு இறங்கியது. 1825இல் அதை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிர்ணயித்தார்கள். நாணயம் தாழும்போது முத்தைப் பூட்டி வைத்திருப்பவனுக்கு நட்டமில்லை. நாட்கூலியை நாணயமாக வாங்குபவனுக்கே நட்டம். வரிக்கட்டளையின்றிப் பறிக்கப்படும் வரி அன்றோ இது!

வரவுக்கு மிஞ்சிய செலவு எல்லாமே பாவமென்று கொள்வது தவறு. கடன்பட்டேனும் குளத்தைத் திருத்தினால் வயல் விளையும். விளைச்சல் கடனைத் தீர்க்கும். இதே மன்னாரின் கட்டுக்கரைக் குளம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் திருத்தப்பட்டது. நோர்த் காலத்துப் பணம் பீரங்கிக் குண்டாகிக் கண்டிக் காட்டில் சிதறியது. குண்டு முளைப்பதில்லை.

1829இல் கோல்புறூக் ஆணைக்குழு வந்ததற்கு இந்த ஓயாத துண்டுவிழுதலும் ஒரு காரணம். கடலோ ஆணைக்குழுவுக்குக் கட்டுப்படவில்லை: 1838 முதல் 1854 வரை சலாபமே நடக்கவில்லை. நடந்த காலங்களிலும் பங்கீடு என்ன? பிற்காலச் சலாபங்களில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. கல்லைக் காலில் கட்டி, மூச்சடக்கி மூழ்கியவருக்கு ஒரு பங்கு. சிப்பிக்குள் முத்து இல்லையென்றால் அந்த வெறுமையும் அவருடையதே.

1905இல் மரிச்சுக்கட்டியில் வரலாறு காணாத அறுவடை; அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். அனுபவம் அதிகாரிகளைக் கெட்டிக்காரர் ஆக்கியிருந்தது. மறு ஆண்டே லண்டன் கம்பெனி ஒன்றுக்கு, வருடம் 3,10,000 ரூபாய் வீதம் 20 வருடக் குத்தகைக்குப் பாரைக் கொடுத்துவிட்டார்கள். சில பருவங்களில் சிப்பி தீர்ந்தது. 1912இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இம்முறை பள்ளத்தில் விழுந்தவர்கள் லண்டன் பங்குதாரர். அவர்களோடு, முத்தை நம்பித் தோணியேறும் கீழக்கரை, தூத்துக்குடிக் குளியாளரும்.