தென் ஆஸ்திரேலியா இருண்ட மாலை

2016 செப்டம்பர் 28, பிற்பகல் 3.48 மணி. தென் ஆஸ்திரேலியா முழுவதும் கரண்ட் போனது. சுமார் 8,50,000 இணைப்புகள் செயலிழந்தன. "காற்றாலையை நம்பினால் இப்படித்தான்" என்று சில அரசியல்வாதிகள் சொன்னார்கள். நானும் அப்போது நம்பிவிட்டேன். பிறகுதான் விசாரணை அறிக்கையைப் படித்தேன்.

அன்று அடித்த சுழற்காற்று மின்கோபுரங்களைச் சாய்த்தது. மின்கம்பிகள் பழுதாகும்போதெல்லாம் வோல்ட்டேஜ் சட்டென்று விழுந்து எழும். இரண்டே நிமிடத்தில் ஆறு முறை விழுந்தது. முதல் சில தடவை காற்றாலைகள் தாங்கிக்கொண்டன. ஆனால், 'குறுகிய நேரத்தில் இத்தனை தடவைக்கு மேல் விழுந்தால் உற்பத்தியைக் குறை' என்று பல காற்றாலைகளின் கணினியில் ஒரு கட்டளை இருந்தது. மின்வலையை நடத்தியவர்களுக்கே அது தெரியாது! ஒன்பது காற்றாலைப் பண்ணைகளில் 456 மெகாவாட் குறைந்தது. அந்தச் சுமை முழுவதும் விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பின் மேல் விழ, அதுவும் துண்டித்துக்கொண்டது. மாநிலமே இருண்டது.

பிறகு அந்தக் கட்டளையை மாற்றினார்கள். 2021இல் 'சிங்க்ரனஸ் கண்டென்சர்' என்ற நான்கு பெரிய இயந்திரங்களையும் வைத்தார்கள். எரிபொருள் எரிக்காமல் சுழலும் இவை, வோல்ட்டேஜ் விழும்போது முட்டுக்கொடுக்கும். இன்று அந்த மாநிலத்து மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றும் வெயிலும் தருபவை.

இனி யாராவது "காற்றாலையால்தான் கரண்ட் போனது" என்றால், "வோல்ட்டேஜ் எத்தனை தடவை விழுந்தது தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.