மணப்பெண்ணின் பொன்

என் மூத்தம்மாவின் காதுகளில் சோணையிலிருந்து மேல்மடல் வரை வரிசையாகத் துளைகள் இருந்தன. நான் அறிந்த நாளில் அவற்றுள் ஒன்றிலேனும் பொன் இருக்கவில்லை. கீழ்த்துளை தூர்ந்துவிடாதிருக்க ஒரு வேப்பங்குச்சியைச் செருகியிருந்தார். அல்லுக்குத்து, கொப்பு, வாளி என்று அவர் ஒவ்வொரு துளையையும் தொட்டுக் காட்டி, எந்த நகை எதற்குப் போயிற்று என்று சொல்வார். ஒன்று மாமாவின் படிப்புக்கு. ஒன்று வெள்ளத்தில் அழிந்த வேளாண்மைக்கு. எஞ்சியவை என் உம்மாவுக்கு வீடு கட்டுவதற்கு. ஆண்டுக்கணக்கில் அவருக்குத் தடுமாற்றம் உண்டு. நகைக்கணக்கில் ஒருபோதும் இருந்ததில்லை.

இன்று கல்முனைக் கரையில் கலியாணம் நிச்சயமான வீடுகளிற் கேட்கும் பேச்சு வேறு. பழைய மாதிரியா, புதிய மாதிரியா? மாங்காய் மாலையா, மெல்லிய துபாய்ச் சங்கிலியா? சென்னைத் தியாகராயநகர்க் கடைகளின் அட்டிகைகளும் கேரளத்து மாலைகளும் கைபேசித் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன. முற்போக்காளர் எனத் தம்மைக் கருதிக்கொள்வோர் இப்பேச்சைக் கேட்டதும் முகஞ்சுளித்து ஒதுங்கிவிடுவர். அது மிகவும் சுலபமான காரியம். ஆனால் இக்கரையிற் பெண்ணுக்கு நகை வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. அதனை வடித்தவர் யார், விற்றவர் யார், அதற்காக உழைத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு போனால் நம் ஊர்களின் நூறாண்டு வரலாறு அதிற் பொதிந்து கிடப்பதைக் காணலாம்.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்கள் தாய்வழிக் குடி முறையைக் கொண்டவை. மகளுக்கு வீடு கொடுக்கப்படும். மாப்பிள்ளை அங்கு வந்து குடியேறுவார். அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதுவே வழக்கு. அக்கரைப்பற்றில் 1969 முதல் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இரு சமூகங்களின் இந்தப் பொது அமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார். இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தின்படி மகளின் பங்கு மகனின் பங்கிற் பாதி. எனினும் பெற்றோர் தாம் உயிரோடிருக்கும்போதே வீட்டையும் வயலையும் மகள்மாருக்குக் கொடுத்துவிட்டதனால், நடைமுறையில் பெண்களின் கையில் கணிசமான சொத்து இருந்தது.

ஆனால் அச்சொத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். வீட்டை எடுத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. வயல் அவள் பெயரில் இருந்தாலும் வரம்பில் நின்றவர் கணவரே. அவளாக எடுத்து, அவளாகக் கொண்டுபோய், அவளாகப் பணமாக்கக் கூடியது பொன் ஒன்றுதான். விதைப்புக்கு முன் ஈட்டுக்குப் போன காப்பு அறுவடைக்குப் பின் மீண்டு வரும். விளைச்சல் பொய்த்தால் வராது. ஈடு பிடிப்போரைக் கட்டுப்படுத்த 1942இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1961இல் மக்கள் வங்கி நிறுவப்பட்டு, பின்னர் நகைக்கடன் அதன் முக்கிய தொழில்களில் ஒன்றாயிற்று. கல் ஓயாத் திட்டம் நீரைக் கொண்டுவந்தது. பயிருக்கு வேண்டிய கைப்பணத்தைப் பல வீடுகளிற் கொண்டுவந்தது பெண்ணின் கழுத்து. விவசாயப் பொருளாதாரம் பற்றிய நம் நூல்களில் இந்தக் கழுத்துக்கு ஓர் அத்தியாயம் இல்லை.

‘பவுண்’ என்ற அளவே குடியேற்ற ஆட்சியின் எச்சம். இங்கிலாந்தின் தங்க நாணயம் ஏறத்தாழ எட்டுக் கிராம் எடை, இருபத்திரண்டு கரட் மாற்று. நாணயத்தின் புழக்கம் போயிற்று. அதன் எடையிலும் மாற்றிலும் நம் கலியாணங்கள் இன்றும் பேசி முடிக்கப்படுகின்றன.

அந்தப் பொன்னை நகையாக்கியவர்கள் பெரும்பாலும் அயலூர்த் தமிழ்த் தட்டார்கள். மூத்தம்மா காலத்தில் நகைக்கடைக்குப் போய் மாதிரி தெரிவு செய்யும் வழக்கம் இல்லை. சாச்சியின் மாலையையோ மாமியின் காப்பையோ இரவல் வாங்கிக் காட்டி, ‘இது போல’ என்பார்கள். வீட்டின் பழம்பொன் கண்ணெதிரே உருக்கப்படும். குன்றிமணி இட்டு நிறுத்து, உமிநெருப்பில் ஊதுகுழலால் ஊதி, பொடிவைத்துப் பற்றவைப்பார் தட்டார். (‘பொடிவைத்துப் பேசுதல்’ என்று நாம் சொல்வதும் அந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான்.) சேதாரம் பற்றிச் சச்சரவு வரும், அடுத்த கலியாணத்துக்கும் அவரிடமே போவார்கள். தமிழ்ப் பெண்ணின் மாங்காயும் முஸ்லிம் பெண்ணின் மாங்காயும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முஸ்லிம் வீட்டு நகையில் தெய்வ உருவம் இராது, அதுவே வேற்றுமை.

தாலியும் அப்படித்தான். கிழக்கு முஸ்லிம்களிடையே நிக்காஹ்வை அடுத்து மணமகளுக்குத் தாலி கட்டும் வழக்கம் இருந்ததென்பதை இன்றைய இளைஞர் பலர் நம்ப மறுக்கின்றனர். ஆனால் இந்தச் சிறு கழுத்தணி ஒரு காலத்தில் நாட்டின் அரசியலிலேயே வாதப்பொருளாக இருந்தது. 1880களில் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். மொழியோடு மணவழக்கங்களையும் அவர் சான்றாகக் காட்டினார்: தாலி, கூறை, ஆலத்தி, மாப்பிள்ளை நகை அணிதல். சட்டசபையிற் சோனகருக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது, 1889இல் எம். ஸி. அப்துல் ரஹ்மான் அந்த ஆசனத்துக்கு நியமிக்கப்பட்டார். இராமநாதனுக்கு மறுப்பாக ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஒரு நூலே எழுதினார்.

இரு பெரியார்களும் கற்றறிந்தவர்கள். ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அந்தத் தாலி எவள் கழுத்தில் கிடந்ததோ அவளை இருவரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவருக்கு அது இனத்தின் அடையாளம். மற்றவருக்கு மறுத்துரைக்க வேண்டிய சான்று. அவளுக்கோ அது பஞ்சத்தில் விற்கக்கூடிய பொன். பின்னர் மார்க்கச் சீர்திருத்தம் பேசியோர் தாலியை அயலார் வழக்கமென விலக்கினர். தாலி போன இடத்தில் மஹர் உயர்ந்திருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் என் உம்மாவின் பதிவில் நூற்றொரு ரூபாவாக நின்றது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலியோ அயலார் வழக்கமென்று யாராலும் விலக்கப்படாமல் வளர்ந்துகொண்டே வந்தது.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலிக்கு வரைவிலக்கணமே தருகிறது: மணப்பெண்ணின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள். அதைத் திருப்பிக் கேட்டு அவள் காதியிடம் முறையிடவும் வழியுண்டு. அவளுடைய பயன்பாட்டுக்காக, அவனிடம்! இந்தச் சட்டவாசகத்தை என் வகுப்பில் வாசித்தபோது பின்வரிசை மாணவிகள் சிரித்துவிட்டார்கள்.

கைக்கூலி ஏன் வளர்ந்தது? இவ்விடத்தில் நம் சொந்த வர்க்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 1945இல் வந்த இலவசக் கல்வி உழவர் வீட்டுப் பிள்ளைகளை ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் ஆக்கிற்று. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள மாப்பிள்ளைக்கு விலை ஏறிற்று. பகலில் வகுப்பறையிற் சமத்துவம் போதிக்கும் ஆசிரியருக்காக மாலையில் அவருடைய வாப்பா பவுண் கணக்குப் பேசினார். மற்றவரைச் சொல்வானேன்? என் கலியாணத்தில் மாமியார் வீட்டார் அணிவித்த மோதிரத்தை நான் கழற்றிக் கொடுக்கவில்லை. இராமநாதன் எழுதிய ‘நகை அணியும் மாப்பிள்ளை’ என் வீட்டுப் புகைப்படத்திலும் நிற்கிறான்.

தட்டார் பட்டறையின் கதை சீக்கிரம் முடிந்துபோயிற்று. 1985 ஏப்ரலில் காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990இல் இரு பக்கமும் குருதி சிந்தியது. அதன் பிறகு பொன்னை மடியிற் கட்டிக்கொண்டு எல்லை வீதியைக் கடக்கும் துணிவு யாருக்கும் இருக்கவில்லை. ஒப்பந்தமோ சாட்சியோ இன்றித் தலைமுறைகளாக நிலவிய ஒரு நம்பிக்கை அறுந்தது. அந்த இடத்தைக் கல்முனைக் கடைத்தெருவின் கண்ணாடிப் பெட்டிகளும் கொழும்புச் செட்டியார் தெருவும் நிரப்பின.

அதற்கு முன்னரே இன்னொரு வாசல் திறந்திருந்தது. 1977இன் பொருளாதார மாற்றத்துக்குப் பின் நம் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லத் தொடங்கினர். முன்பு பொன் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. இப்போது பாலைவன நகரொன்றின் சமையலறையில் மகளே உழைத்து, தனக்கும் தங்கைக்கும் பொன் சேர்க்க வேண்டியதாயிற்று. நம் கரைக்கு வந்த ‘துபாய் மாதிரி’ இந்த வழியாக வந்தது. அதன் மினுக்கத்தை ஏளனம் செய்வோர் அதற்குப் பின்னால் எத்தனை வருட விழிப்பு இருக்கிறதென்று எண்ணிப்பார்ப்பதில்லை.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்கள் பறிபோனது அம்பாறை மாவட்டத்திலேதான். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அலுமாரிகளோடு நகைகளும் போயின. அவற்றை மணலில் தேடியவர்களை நான் பள்ளி மாணவனாக நின்று பார்த்தேன். ஆனால் பெரிய இழப்பு பின்னர்தான் நிகழ்ந்தது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என முதலில் விதித்தார்கள். வேறிடத்திற் புதுவீடுகள் எழுந்தபோது, ‘குடும்பத் தலைவர்’ என்ற படிவச் சொல்லின்படி உரித்துப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயருக்கு எழுதப்பட்டன. சீதனமாய் வந்த தாய்வீட்டைக் கடலிடம் இழந்த பெண், அதற்கு ஈடாகக் கிடைத்த வீட்டைக் காகிதத்தில் இழந்தாள். இதனை ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். பத்திரங்கள் எழுதி முடிந்த பிறகு.

ஆகவேதான் நகையைத் தெரிவு செய்வது பற்றிய பேச்சை நான் அற்பமாகக் கருதுவதில்லை. 2025இல் ஒரு பவுண் மூன்று இலட்சம் ரூபாவைக் கடந்துவிட்டது. ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம் அது. கடந்த வருடம் என் பழைய மாணவி ஒருத்தி பாடசாலைக்கு வந்து, “சேர், உம்மா பழைய மாதிரி அட்டியல் என்கிறா, மாப்பிள்ளை வீட்டார் இந்தியக் கோயில்நகை மாதிரி கேட்கிறார்கள். எது நல்லம்?” என்று கேட்டாள். அழகைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை; மூத்தம்மாவிடம் கற்ற கணக்கைச் சொன்னேன். கல்லிழைத்த அட்டியலின் உள்ளே அரக்கு இருக்கும். விற்கப் போனால் அரக்கையும் கல்லையும் கழித்துத்தான் நிறுப்பார்கள். செய்கூலியும் சேதாரமும் திரும்பி வரா. கல்லில்லாத கட்டிக் காப்பு அப்படியன்று. கோயில்நகை மாதிரி ஒரு நாள் மேடைக்கென்றால் கவரிங்கில் வாடகைக்கே கிடைக்கிறது. நாகர்கோவில் வடசேரியில் அந்தக் கலையின் கைவினைஞர்கள் அதனைக் கோயிலுக்கும் ஆடலரங்குக்குமே செய்தார்கள். அங்கேயும் அது வெள்ளியின் மேல் பொன்தகடு போர்த்ததுதான்.

அவள் எல்லாவற்றையும் கொப்பியிற் குறித்துக்கொண்டாள். இரண்டு வாரங் கழித்துத் தொலைபேசியிற் பேசினாள். உம்மாவின் பழைய அட்டியலை உருக்கவில்லையாம். வலீமாவுக்குப் பூ வேலைப்பாடு மட்டுமுள்ள ஒரு கவரிங் மாலையை வாடகைக்குப் பேசியிருக்கிறாளாம். கையிலிருந்த பணத்துக்கு இரண்டு கட்டிக் காப்புகள் வாங்கினாளாம். பற்றுச்சீட்டைத் தன் பெயருக்கு எழுதும்படி கேட்டபோது கடைக்காரர் பேனையை நிறுத்திவிட்டு அவளுடைய வாப்பாவைப் பார்த்தாராம். வாப்பா சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, மகளின் முழுப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாராம்.