மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா: காலநிலை மாற்றமும் மேலாண்மையும்

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலையும் உள்ளடக்கியது இப்பூங்கா. 1986-இல் அறிவிக்கப்பட்டது; 1989-இல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. தமிழக வனத்துறை நிர்வகிக்கிறது.

இங்குள்ள பவளங்களின் திசுக்களில் நுண்பாசிகள் வாழ்கின்றன. பவளத்துக்கு நிறமும் உணவின் பெரும்பகுதியும் அவற்றால் கிடைப்பவை. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடையில் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறினால் பவளம் அப்பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகும். நீர் விரைவில் குளிர்ந்தால் மீளும். வெப்பம் நீடித்தால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கு பெருமளவில் வெளிறல் நேர்ந்தது. கிளைவிட்டு வளரும் மான்கொம்புப் பவளங்கள் எளிதில் மடிகின்றன. உருண்டைப் பவளங்கள் ஓரளவு தாங்குகின்றன.

அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விளாங்குசல்லி என்ற இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. கடல்மட்ட உயர்வை மட்டும் காரணமாகச் சொல்வது சரியல்ல: சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் அலைத்தடுப்பு முன்பே சிதைந்திருந்தது.

ரோந்து, தடை, எல்லைக்கல் ஆகிய பழைய கருவிகள் சூடான நீரைத் தடுக்க உதவா. எனவே மேலாண்மை சீரமைப்பின் பக்கம் திரும்பியுள்ளது. அரிப்பால் சுருங்கிய வான் தீவின் கடல்புறத்தில் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டுள்ளன; அவை அலையின் வேகத்தைத் தணிப்பதோடு மீன்களுக்கும் புகலிடமாகின்றன. பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கும் பணியும் நடக்கிறது, ஆனால் நட்ட பவளமும் அடுத்த கோடையின் வெப்பத்துக்கு விலக்கல்ல.