எஸ்டர்கோம்: டான்யூப் கரையின் பேராலய நகரம்

எஸ்டர்கோம் ஹங்கேரியின் வடக்கு எல்லையில், டான்யூப் ஆற்றின் வலக்கரையில் அமைந்த பழமையான நகரம். தலைநகர் புடாபெஸ்ட்டிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆற்றின் எதிர்க்கரை ஸ்லோவாக்கியா நாட்டைச் சேர்ந்தது. மக்கள்தொகை முப்பதாயிரத்தை எட்டாத இந்தச் சிற்றூரில்தான் ஹங்கேரியின் மிகப்பெரிய தேவாலயம் இருக்கிறது. ஊரின் அளவுக்கும் ஆலயத்தின் அளவுக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மைக்குக் காரணம் அதன் வரலாறு.

உரோமானியர் காலத்தில் இங்கு சொல்வா என்ற குடியிருப்பு இருந்தது. ஜெர்மானியர் இந்நகரைக் கிரான் என்றும், இடைக்கால லத்தீன் ஆவணங்கள் ஸ்ட்ரிகோனியம் என்றும் குறிப்பிடுகின்றன.

அரசரும் பேராயரும்

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகியார் குலத் தலைவர் கேசா இங்குள்ள குன்றைத் தன் இருப்பிடமாக்கினார். அவருடைய மகன் வாய்க் இங்கே பிறந்தார். திருமுழுக்கில் ஸ்டீபன் என்று பெயர் பெற்ற அவர், 1000ஆம் ஆண்டின் இறுதியில் அல்லது 1001இன் தொடக்கத்தில் ஹங்கேரியின் முதல் அரசராக முடிசூடினார். அவர் எஸ்டர்கோமில் நிறுவிய பேராயர் பீடம் வெறும் சமய ஏற்பாடு அன்று. தனக்கென ஒரு பேராயர் இல்லாத நாட்டின் திருச்சபை, அண்டையிலுள்ள ஜெர்மானியப் பேராயர்களுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். சொந்தப் பீடம் கிடைத்ததால் ஹங்கேரி அதிலிருந்து தப்பியது. பின்னாளில் அரசர்களுக்கு முடிசூட்டும் உரிமையும் எஸ்டர்கோம் பேராயருக்கே உரியதாயிற்று.

1241-42இல் மங்கோலியர் படையெடுத்தனர். நகரம் எரிந்தது, குன்றின் மீதிருந்த கோட்டை மட்டும் விழவில்லை. படையெடுப்புக்குப் பிறகு நான்காம் பேலா அரசர் தன் தலைமையிடத்தைப் புடாவுக்கு மாற்றிக்கொண்டு, எஸ்டர்கோம் அரண்மனையைப் பேராயரிடம் ஒப்படைத்தார். அன்று முதல் இது பேராயரின் ஊர்.

1543இல் உதுமானிய சுல்தான் சுலைமான் நகரைக் கைப்பற்றியதும் பேராயரும் வெளியேறினார். பீடம் இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள திர்னவாவுக்கு இடம்பெயர்ந்தது. பட்டம் எஸ்டர்கோமுடையது, இருப்பு வேறோர் ஊரில் என்ற நிலை 1820 வரை, அதாவது 277 ஆண்டுகள் நீடித்தது. இடையில் கோட்டை பலமுறை கைமாறியது. 1594 முற்றுகையில் ஹங்கேரியக் கவிஞர் பாலின்ட் பலாஷி காயமுற்று இங்கே இறந்தார். 1595இல் கிறித்தவப் படைகளும், 1605இல் மீண்டும் உதுமானியரும் கோட்டையைப் பிடித்தனர். 1683இல் வியன்னா முற்றுகை முறியடிக்கப்பட்ட பின்னரே உதுமானிய ஆட்சி இங்கு முடிவுக்கு வந்தது.

பாகோட்ஸ் சிற்றாலயம்

இத்தனை போர்களில் குன்றின் மீதிருந்த புனித அடால்பர்ட் பேராலயம் பாழானது. ஆனால் அதை ஒட்டிக் கட்டப்பட்டிருந்த ஒரு சிற்றாலயம் பிழைத்தது. அதைக் கட்டியவர் கர்தினால் தமாஸ் பாகோட்ஸ். பண்ணையடிமைக் குடும்பத்தில், சக்கரம் செய்யும் தச்சரின் மகனாகப் பிறந்து நாட்டின் பேராயரானவர். 1513இல் போப்பாண்டவர் தேர்தலிலும் முன்னணியில் நின்றார். வென்றவர் பத்தாம் லியோ. ரோமிலிருந்து திரும்பிய பாகோட்ஸ், துருக்கியருக்கு எதிரான சிலுவைப் போருக்கு ஆள் திரட்டினார். திரண்ட குடியானவர்கள் 1514இல் கியோர்கி டோஷாவின் தலைமையில் தங்கள் பண்ணையார்களுக்கு எதிராகத் திரும்பினர். கிளர்ச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது. பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் எழுப்பிய அழைப்பில் இது தொடங்கியது வரலாற்றின் விசித்திரம்.

1506இல் தொடங்கிக் கட்டப்பட்ட அவருடைய சிற்றாலயம் இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியில் அமைந்தது. சிவப்புப் பளிங்கு என்று அழைக்கப்பட்டாலும் இது உண்மையில் மெருகேற்றிய சிவப்புச் சுண்ணாம்புக்கல். இதன் வெண்பளிங்குப் பீடம் புளோரன்ஸ் சிற்பி அந்திரேயா ஃபெருச்சியின் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய பேராலயத்துக்காகக் குன்றில் எஞ்சியிருந்த இடைக்காலச் சுவர்கள் இடித்து அகற்றப்பட்டன. இது பேரிழப்புதான், போர் விட்டுவைத்ததைக் கட்டுமானம் விட்டுவைக்கவில்லை. ஆனால் பாகோட்ஸ் சிற்றாலயத்தை மட்டும் ஏறத்தாழ 1,600 துண்டுகளாகப் பிரித்து, சில மீட்டர் நகர்த்தி, புதிய ஆலயத்தோடு மீண்டும் பொருத்தினார்கள். இன்றைய பார்வையாளர் உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் காண்பது அதைத்தான்.

புதிய பேராலயம்

1820இல் பீடம் திரும்பியதும் பேராயர் ஷாண்டோர் ருட்னாய் 1822இல் பணியைத் தொடங்கினார். பால் கூனெல், யானோஷ் பாக், யோஷெஃப் ஹில்ட் ஆகியோர் அடுத்தடுத்துக் கட்டடக் கலைஞர்களாக இருந்தனர். ஆலயம் 118 மீட்டர் நீளமும் 100 மீட்டர் உயரமும் கொண்டது. பலிபீடத்தின் மேல் உள்ள மரியாவின் விண்ணேற்பு ஓவியம் இத்தாலியரான கிரிகோலெட்டி தீட்டியது. 13 மீட்டருக்கும் மேல் உயரமானது. 1856 ஆகஸ்ட் 31 அன்று நடந்த திருநிலைப்படுத்தும் விழாவுக்காக ஃபிரான்ஸ் லிஸ்ட் ஒரு திருப்பலி இசையை இயற்றி, தாமே நடத்தினார். கட்டுமானம் முழுமையாக முடிந்தது 1869இல்.

நிலவறையில் கர்தினால் யோஷெஃப் மிண்ட்ஸென்டியின் கல்லறை உள்ளது. பொதுவுடைமை அரசு 1949இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1956 புரட்சியின்போது விடுதலையானவர், புரட்சி நசுக்கப்பட்டதும் புடாபெஸ்ட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்து அங்கேயே 15 ஆண்டுகள் இருந்தார். 1975இல் வியன்னாவில் இறந்த அவருடைய உடல், சோவியத் படைகள் ஹங்கேரியை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த 1991இல்தான் இங்கு கொண்டுவரப்பட்டது.

ஆறும் பாலமும்

முதல் உலகப் போருக்குப் பின் டான்யூப் இங்கே நாட்டெல்லையாயிற்று. 1895இல் திறக்கப்பட்ட மரியா வலேரியா பாலம் எதிர்க்கரை ஊரான ஸ்டூரோவோவை இணைத்தது. அந்த ஊரை ஹங்கேரியர் பார்க்கானி என்கின்றனர். இன்றும் அங்கு ஹங்கேரிய மொழி பேசுவோர் மிகுதி. 1944 டிசம்பரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை பாலத்தின் நடுப்பகுதியைத் தகர்த்தது. போர் முடிந்தும் இரு பொதுவுடைமை அரசுகளும் அதைச் சரிசெய்யவில்லை. இரு முனைகளும் ஆற்றுக்குள் நீட்டியபடி 57 ஆண்டுகள் நின்றன; எதிரே கண்ணுக்குத் தெரியும் கரைக்கு மக்கள் படகில் போய்வந்தனர். 2001 அக்டோபரில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. 2007 இறுதியில் இரு நாடுகளும் ஷெங்கன் பகுதியில் சேர்ந்ததால் எல்லைச் சோதனையும் நீங்கியது. பேராலயத்தை முழுமையாகப் பார்க்க விரும்புவோர் பாலத்தை நடந்தே கடந்து ஸ்டூரோவோ கரைக்குச் செல்கின்றனர். குன்று, கோட்டைச் சுவர், குவிமாடம் மூன்றும் ஒரே பார்வையில் அமைவது அங்கிருந்துதான்.