கச்சானும் வாடையும் சுருட்டும்

சுருட்டின் ஈரம் குன்றாமல் காக்கும் ‘ஹியூமிடோர்’ மரப்பெட்டி நம் கடற்கரையில் வேரூன்றாதது ஏன்? ஏழ்மை என்று சொல்லிவிடலாம். அது பாதி விடைகூட இல்லை. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்பதே நம் ‘சுருட்டு’தான். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லொக் ஹோம்ஸ் கதையில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் ஒரு துப்பு. லண்டன்வரை பேர் போன பண்டத்தைச் செய்தவர்களுக்கு அதைக் காக்கத் தெரியாமலா போயிருக்கும்?

நம்மவர் காத்தது சுருட்டையல்ல, இலையை. யாழ்ப்பாணத்தில் புகையிலையைக் குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டை மூட்டிப் புகை கொடுப்பார்கள். பிறகு அடுக்கிப்போட்டு, உள்ளே சூடேறியதும் பிரித்து, மேல் கீழாக மாற்றி அடுக்குவார்கள். பதமான இலை பனையோலைப் பாயில் சிப்பமாகும். ஒல்லாந்தர் காலத்திலேயே அந்தச் சிப்பங்கள் திருவிதாங்கூருக்குக் கடல் கடந்தன. 20ஆம் நூற்றாண்டில் அந்தச் சந்தை ஒடுங்கியதும், இலை சுருட்டாகித் தென்னிலங்கைக் கடைத்தெருக்களுக்குப் போனது. சிங்களவர் வாயிலும் அது ‘சுருட்டு’தான். இலை பழுக்க வேண்டியதெல்லாம் சிப்பத்திலேயே பழுத்துவிடும். சுருட்டிக் கட்டியது விற்றுத் தீர்வதற்கே. ஆண்டுக்கணக்கில் பெட்டியில் உறங்குவதற்கல்ல.

கியூபாவும் வெப்பநாடு, அங்கே பெட்டி உண்டே என்று கேட்கலாம். அங்கிருந்து சுருட்டு போய்ச் சேர்ந்த ஊர்களைப் பாருங்கள். பனிக்காலத்தில் கணப்பு மூட்டிய ஐரோப்பிய அறையில் காற்று வறண்டு, மேலிலை வெடித்துவிடும். அங்கே பெட்டிக்குள் ஈரம் ஊட்டியே தீரவேண்டும். நம் கிழக்குக் கரைத் திருக்கோவிலில் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் அந்தத் தொல்லை. வாடைக் காற்று தொடங்கி மாரி இறங்கிவிட்டால் பூஞ்சணமே எதிரி. பெட்டியின் மரம் புகையிலை வண்டைத் தடுக்கும் என்பதையும் நான் ஏற்கவில்லை. முட்டை இலைக்குள்ளேயே இருக்கிறது, வெப்பம் அதைப் பொரிக்கிறது. ‘ஸ்பானிய சீடர்’ எனப்படும் அந்த மரம் சீடரும் அல்ல. நம் வேம்பின் குடும்பம். அதன் வாசம் சுருட்டுக்கு ஒத்துப்போகும், அவ்வளவே.

சுருட்டுக்கு வேண்டிய காற்றீரம் 65 முதல் 70 சதவீதம். தூய உப்பு கசியத் தொடங்குவது 75இல். ஆகவே வெளிநாட்டிலிருந்து யாரேனும் சுருட்டுப்பெட்டி கொண்டுவந்து தந்தால், குசினியில் உப்புப் போத்தலைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்திருக்கும் நாட்களில் அந்தப் பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் வைக்காதீர்கள். மூடியை இறுக்கி மூடுங்கள்.