பெண் வேடமும் பெண் குரலும்

பாப்பாமோட்டையிலிருந்து பாடசாலை விடுதிக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த இலக்கியம் கூத்து ஒன்றுதான். மாதோட்டத்துக் கிராமங்களில் ஞானசவுந்தரி மேடையேறினால் விடியும்வரை ஒருவரும் எழும்பமாட்டார்கள். சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அரசகுமாரி அவள். பாயில் இருந்து அவளுக்காக அழுதவர்கள் பெண்கள். மேடையில் சேலை கட்டிப் புலம்பியவரோ ஓர் ஆண். அது எவருக்கும் புதினமாகப் படவில்லை. எனக்கும்தான்.

தமிழ் வகுப்பிலும் ஏறக்குறைய அதே கதைதான். பாண்டியன் சபையில் நீதி கேட்ட கண்ணகியின் சொற்கள் இளங்கோவடிகளுடையவை. சங்கத்தில் ஔவையாரும் வெள்ளிவீதியாரும் பாடியிருந்தாலும், தலைவி கூற்றுகளில் பெரும்பாலானவை ஆண்புலவர் பாடியவை.

ஈழத்தில் 1914இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' நாவலை எழுதினார். மனைவியின் துயரத்தை ஒரு பெண்ணே எழுதிய கதை அது. ஆனால் என்னை உலுக்கியது, மருத்துவம் படிக்கும் காலத்தில் கைக்கு வந்த ஒரு மெல்லிய கவிதைத் தொகுப்பு: 'சொல்லாத சேதிகள்'. பத்துப் பெண்களின் கவிதைகள். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்டது. முன்னின்று தொகுத்தவர் சித்திரலேகா மௌனகுரு. சீதனம், காதல், யுத்தம் எல்லாவற்றையும் அவர்கள் தங்கள் வாயாலேயே பேசினார்கள்.

கவிஞர் செல்வி வவுனியாப் பக்கத்துப் பிள்ளை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர். பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்கும் காலம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்திருக்கலாம். 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகள் அவரைக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு சர்வதேச பென் அமைப்பின் விருது அறிவிக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் திரும்பி வரவில்லை.

சிவரமணி அதே 1991 மே மாதத்தில் தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். தோழியரிடமும் பிறரிடமும் தப்பியிருந்த கவிதைகள்தான் பின்னர் நூலாயின. அவர்கள் பத்திரப்படுத்தாதிருந்தால் இன்று சிவரமணி வெறும் பெயர்.

எமது விடுதியிலும் கொப்பித்தாளில் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினோம். இடப்பெயர்வுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. கனடாவிலோ இலண்டனிலோ மன்னாரிலோ, யாருடைய பெட்டியடியிலாவது ஓர் இதழ், கிழிந்த ஒரு தாளேனும் கிடந்தால், தயவுசெய்து படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எழுதியவரின் பெயர் நினைவிருந்தால் அதையும்.