1613-ல வெட்டினதும் 1877-ல வெட்டினதும்

நெதர்லாந்துக்கு ஆன்சைட் போய்ட்டு வர்ற நம்மாளுங்க தவறாம அடிக்கிற டயலாக் ஒண்ணு இருக்கு: "அவன் கால்வாயை எப்படி வெச்சிருக்கான், நாம எப்படி வெச்சிருக்கோம் பாரு!" நானும் ஆணி புடுங்கத்தான் போனேன். சனி ஞாயிறுல ஆம்ஸ்டர்டாம், உத்ரெக்ட்னு சுத்தினேன். அழகுதான், மறுக்கல. ஆனா அந்த டயலாக் மட்டும் ஒத்து வரல.

ஆம்ஸ்டர்டாமோட புகழ்பெற்ற கால்வாய் வளையத்தை வெட்ட ஆரம்பிச்சது 1613-ல. அதே 1613-லதான் டச்சுக்காரங்க நம்ம பழவேற்காட்டுல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. அங்கேருந்து துணி போச்சு, வெடிமருந்து போச்சு, அடிமைகளா மனுஷங்களும் பத்தாவியாவுக்குக் கப்பலேறினாங்க. பதிலுக்கு இன்னிக்கு அங்க மிச்சம் இருக்கறது ஒரு டச்சுக் கல்லறை, அதோட வாசல்ல செதுக்கின எலும்புக்கூடு.

நம்ம கால்வாயை வெட்டினது டச்சுக்காரங்க இல்ல. 1806-ல பேசில் காக்ரேன்ங்கற ஸ்காட்லாந்து வியாபாரி சென்னையிலேருந்து எண்ணூர் வரைக்கும் ஆரம்பிச்சு வெச்சார். அப்புறம் அது ரெண்டு பக்கமும் நீண்டுது. கூவத்தையும் அடையாறையும் இணைக்கற சுமார் 8 கி.மீ. துண்டை வெட்டினது 1877-78-ல. அதாவது தாது வருஷப் பஞ்சம். வெட்டினவங்க பஞ்சத்துல அடிபட்ட ஜனங்க. 1877 ஆரம்பத்துல சென்னை மாகாண நிவாரண வேலைகளுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயம் பண்ணின கூலி, ஒரு ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டுன்னா அரைக்கிலோ கூட இல்ல. அதைத் தின்னுட்டு நாள் முழுக்க மண் வெட்டணும்! பேரு மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போயிடுச்சு.

அப்புறம் ரொம்ப காலம் அதுல உப்பும் விறகும் வந்தது. பாரதிதாசன் மாமல்லபுரத்துக்குப் படகுல போனதும் இந்த வழியாத்தான். 1960-கள்லயும் 1976-லயும் வந்த புயல்கள் கால்வாயைப் பதம் பாத்தது. மிச்சத்தை நாம முடிச்சோம். பறக்கும் ரயிலுக்குத் தூணை எங்க நட்டோம்? கால்வாய்க்குள்ளயே. அந்த ரயில் 2007-ல வேளச்சேரி போய்ச் சேர்ந்தது. 2008-ல பக்கிங்ஹாம் கால்வாயையும் சேர்த்து தேசிய நீர்வழி 4-னு அறிவிச்சாங்க. ரெண்டு டீம் ஒருத்தரை ஒருத்தர் கேக்காம கோடு செக்-இன் பண்ணின மாதிரி :-)

சரி, டச்சுக்காரங்க மட்டும் பொறந்ததுலேருந்தே ஒழுங்கா? ஆம்ஸ்டர்டாம்ல நூத்துக்கணக்கான வருஷம் வீட்டுக் கழிவெல்லாம் கால்வாய்லதான் விழுந்தது. வெயில் காலத்துல நாத்தம் தாங்காம பணக்காரங்க ஊருக்கு வெளிய இருந்த பங்களாவுக்கு ஓடினாங்க. 1884-ல ஒரு பெரிய கால்வாயைத் தூர்த்து ரோடாக்கினாங்க. உத்ரெக்ட் இன்னும் ஒரு படி மேல. கோட்டை அகழியா இருந்த காத்தரைனசிங்கல்ல ஒரு பகுதியை 1970-கள்ல வத்தவெச்சு, அதுல விரைவுச்சாலையே போட்டாங்க. 2002-ல ஊர் ஓட்டெடுப்பு நடந்தது, ஜனங்க தண்ணியைக் கேட்டாங்க. ரோட்டைப் பேத்து எடுத்து, 2020-ல அகழி முழுசா திரும்பிடுச்சு. அங்க கரையில நின்னப்பதான் எனக்கு நம்மூர் மேல கோவமே வந்தது. அதுவரைக்கும் இதெல்லாம் ஆவற கதையில்லன்னு நானும் சமாதானமா இருந்தவன்தான்.

எங்க ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குள்ள கால்வாய் ஓடல. ஆனா கால்வாய்ல கொட்டறது அடையாத்துல கலந்து, எங்க பக்கத்து முகத்துவாரம் வழியாத்தான் கடலுக்குப் போகுது. குப்பத்து அண்ணன் ஒருத்தர்கிட்ட உத்ரெக்ட் போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தார். "ரோட்ட ஒடச்சா தண்ணி வுட்டானுங்க?"ன்னார். ஆமாண்ணேன்னேன்.

"மீன் கீதா அதுல?"

இருக்குண்ணே. அந்த ஊர் மதகு ஒண்ணுல தண்ணிக்குள்ள கேமரா வெச்சிருக்காங்க. வசந்த காலத்துல மீன் வந்து காத்துக்கிட்டு நின்னா, இன்டர்நெட்ல பாக்கற யார் வேணா மணி அடிக்கலாம், மதகைத் தொறந்து விடுவாங்க. 2021-லேருந்து நடக்குதுன்னு சொன்னேன். அண்ணன் நம்பல.